அசல் இங்கே, பிரதி அங்கே

போன வாரம் பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்று ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. சால்வை, பூங்கொத்து, ஃபைலை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி ஒரு போட்டோ. நான் முன்பு வேலை பார்த்த இடத்திலும் இப்படி இரண்டு ஒப்பந்தங்கள் இருந்தன. ஐந்து வருடத்தில் அங்கிருந்து ஒரு ஆசிரியர் வரவில்லை, இங்கிருந்து ஒரு மாணவர் போகவில்லை, ஒரு புத்தகம்கூடக் கைமாறவில்லை. ஆய்வுக்குழு வந்த அன்று மட்டும் அந்த ஃபைல் பீரோவை விட்டு வெளியே வந்தது. எனக்கு இதில் கோபத்தை விட வருத்தம்தான் அதிகம். இரண்டு நாட்டுக் கல்வி நிறுவனங்கள் மனம்வைத்தால் என்ன நடக்கும் என்பதைச் சென்னைத் தரமணியில் கண்ணால் பார்த்தவன் நான்.

ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைத்தான் சொல்கிறேன். செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரர் முத்தையா. மதுரையில் 'ரோஜா ஆர்ட்ஸ்' என்று போர்டு எழுதும் கடை வைத்திருந்தவர், அதனால்தான் பெயரோடு ரோஜா ஒட்டிக்கொண்டது. பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று அச்சில் வந்த எதையும் அவர் விடவில்லை. 1992இல் அவர் மறைந்தபோது கோட்டையூர் வீட்டில் சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. ஒரு தனி மனிதர், கைக்காசு போட்டுச் சேர்த்தது.

அதன் அருமை தெரிந்தவர்களில் ஒருவர், சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஏ.கே. ராமானுஜன். 1994இல் அந்தப் பல்கலைக்கழகம் முழுச் சேகரிப்பையும் குடும்பத்தாரிடமிருந்து விலைக்கு வாங்கியது. சரி, வாங்கியவர்கள் கப்பலேற்றிக் கொண்டுபோயிருப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்போம். நம் சுவடிகளும் சிலைகளும் அப்படிப் போன கதை நமக்குத் தெரியும். இங்கே அது நடக்கவில்லை. புத்தகங்கள் கோட்டையூரிலிருந்து சென்னைக்கு வந்தன. இங்கேயே நூலகம் அமைத்து, இங்குள்ளவர்களுக்கே பயிற்சி கொடுத்து, பக்கம் பக்கமாகப் படமெடுத்து மைக்ரோஃபிலிம் என்ற சிறு படச்சுருளில் ஏற்றினார்கள். அசல் தமிழ்நாட்டில் தங்கியது, பிரதி சிகாகோவுக்குப் போனது. காசு கொடுத்தவனுக்கே பொருள் என்ற வழக்கத்தை அன்று யாரோ ஒரு மேஜையில் உட்கார்ந்து மாற்றியிருக்கிறார்கள். அந்த முடிவுக்காகவே சிகாகோ மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

நான் முதல் தடவை போனது ஆய்வு மாணவனாக. தேடிப்போனது ஒரு குஜிலிப் பாட்டுப் புத்தகம். அந்தக் காலத்தில் தெருவில் கூவி விற்றார்களே, காலணா அரையணாப் பிரசுரங்கள், அந்த வகை. எட்டே பக்கம். மைக்ரோஃபிலிம் கருவியின் கைப்பிடியை மெதுவாகச் சுற்றினால், வெள்ளைத் திரையில் எழுத்துகள் மிதந்து வந்து நிற்கும். பூச்சி அரித்த ஓட்டைகள் அதில் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரிந்தன. பிறகு அசலையும் பார்க்க அனுமதித்தார்கள். தாள் தேக்கு நிறத்துக்கு மாறி, ஓரம் அப்பளம் போல் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மரக்கூழில் செய்த மலிவுத் தாளில் அச்சடித்தவை இப்படித்தான், தாளில் உள்ள அமிலமே அதைத் தின்றுவிடும். விரலால் தொடவே பயமாக இருந்தது. அந்த எட்டுப் பக்கத்தை இன்று சென்னையிலும் படிக்கலாம், சிகாகோவிலும் படிக்கலாம். நூறு வருடத்துக்கு முன் அதைப் பாடி விற்றவர் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தமிழ் நூல்கள் இவ்வளவு இருப்பதற்கு ஒரு காரணம் கோதுமை. ஐம்பதுகளில், அறுபதுகளில் பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தில் வந்த கோதுமைக்கு இந்தியா ரூபாயில்தான் பணம் கட்டியது. 1962இலிருந்து அந்த ரூபாயின் ஒரு பகுதியைக் கொண்டு அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கி அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. அப்போது இங்கே யாரும் பொருட்படுத்தாத சிறு வெளியீடுகள்கூட அங்கே அட்டவணையிட்டு அடுக்கப்பட்டிருக்கின்றன.

அப்புறம், நான் தினமும் திறக்கும் தமிழ் லெக்சிகன். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட அகராதி அது. இன்று போனில் ஒரு சொல்லைத் தட்டினால் பொருள் வந்து நிற்கிறது, அதுவும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில், இலவசமாக. வகுப்பில் மாணவர் ஒரு சொல் கேட்டால் அந்த இடத்திலேயே தேடிக் காட்டுகிறேன்.

"நம்ம சொத்து எதுக்கு சார் வெளிநாட்டுக்காரன்கிட்ட?" என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நினைத்துப் பாருங்கள். தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள், ஓலைச்சுவடிகள். வேறெங்கும் பிரதி இல்லாதவை அந்த இரவோடு போயின. வேறொரு ஊரில், வேறொரு நாட்டில் ஒரு பிரதி இருந்திருந்தால் என்று இன்றும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அசல் நம்மிடம் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு எள்ளளவும் விட்டுக்கொடுக்க மனமில்லை. பிரதி நாலு இடத்தில் இருக்க வேண்டும் என்பதிலும் அப்படியே.

அதனால் ஒப்பந்தம் போடும் கல்லூரி முதல்வர்களிடமும் துணைவேந்தர்களிடமும் கேட்கிறேன்: கையெழுத்துப் போடுமுன் எந்தப் பொருள், யாருடைய உழைப்பு, எந்தத் தேதிக்குள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். தரமணி நூலகத்துக்குப் பின்னால் படம் எடுத்தவர், அட்டவணை போட்டவர், தூசி தட்டியவர் என்று வருடக்கணக்கில் உழைத்த ஆட்கள் இருக்கிறார்கள். அந்த உழைப்புக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தாலே போதும், மற்றது நடக்கும்.

நம் ஊர்க் கல்லூரி நூலகங்களில் மாடிப்படிக்கு அடியில் கட்டுக்கட்டாகப் பழைய ஆண்டுமலர்களும், பெயர் தெரியாத சிறு பத்திரிகைகளும் கிடக்கும். இடமில்லை என்று கோடை விடுமுறையில் எடைக்குப் போடுவார்கள். உங்கள் கண்ணில் பட்டால், தயவுசெய்து கடைக்காரர் வருவதற்குள் தரமணிக்கு ஒரு போன் போடுங்கள்.