கோன்களை எண்ணிய சாயங்காலங்கள்
எங்கள் கோச்சான உன் அப்பாவின் மறைவைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன், தங்கச்சி. 12 வயதில் அவரிடம் கால்பந்து கற்கச் சேர்ந்தவன் நான். "பந்து காலுக்கு வருவதற்கு முன்னாடியே தோளுக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துவிடு" என்பார். பார்க்காமல் வாங்கினால் திட்ட மாட்டார்; விசில் ஊதி, மறுபடியும் அதே பாஸ். இன்றைக்கும் நடுக்களத்தில் நின்றால் என் கழுத்து தானாகத் திரும்புகிறது.

தோற்ற நாட்களில் உன் அம்மா எங்கள் முழங்கால் சிராய்ப்புகளைத் துடைத்து மருந்து போட்டுவிடுவார்கள். அப்புறம்தான் கோச் ஆட்டத்தைப் பற்றியே வாய் திறப்பார். பயிற்சி முடிந்ததும் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு, பயிற்சிக்காக மைதானத்தில் வைத்த கூம்பு வடிவ அடையாளங்களான கோன்களைப் பொறுக்குவார். நீ சத்தமாக எண்ணுவாய். ஒன்று தவறினாலும் முதலிலிருந்து எண்ணச் சொல்வார். நாங்கள் அத்தனை பேரும் வீட்டுக்குப் போகாமல் நிற்போம். மொத்தம் 24 கோன்கள், சரிதானே?