அந்தக் குடும்பத்துக்குப் பெயர் இருக்கிறது

'பழைய ஜப்பான்' என்ற பெயரில் மௌனப்படத் துண்டுகள் அடிக்கடி பகிரப்படுகின்றன. கலர் ஏற்றி, அசைவை வழவழப்பாக்கி, பின்னணியில் ஏதோ ஒரு இசையையும் சேர்த்துவிடுகிறார்கள். யார் எடுத்தது, எந்த ஊர், யார் வீடு? ஒரு தகவலும் இருக்காது. இது தவறு என்றே நினைக்கிறேன்.

உதாரணத்துக்கு, 1897இல் பிரெஞ்சு ஒளிப்பதிவாளர் கான்ஸ்டன்ட் ஜிரேல் கியோட்டோவில் எடுத்த படம் ஒன்று உண்டு. ஒரு குடும்பம் சாப்பிடுகிறது, அவ்வளவுதான். அது இனாபாதா கட்சுதாரோவின் குடும்பம். சாயத் தொழில் கற்க 1877இல் பிரான்சின் லியோன் நகருக்குப் போனவர் அவர். அங்கே உடன் படித்தவர் ஒகுஸ்த் லூமியேர். அந்தப் பழக்கத்தில்தான் ஒகுஸ்தும் அவர் சகோதரரும் உருவாக்கிய, படம் எடுக்கவும் காட்டவும் உதவும் கருவியை ஜப்பானுக்குக் கொண்டுவந்து, 1897 பிப்ரவரியில் ஒசாகாவில் படம் காட்டினார். ஜிரேல் ஜப்பானுக்கு வந்ததும் அந்த ஏற்பாட்டில்தான்.

ஆக, வெள்ளைக்காரன் கேமராவில் தெரியாமல் சிக்கிய குடும்பம் இல்லை இது. அந்தக் கேமராவை நாட்டுக்குள் கொண்டுவந்தவரின் குடும்பம். 1895இல் ஒகுஸ்தும் அவர் மனைவியும் குழந்தைக்கு ஊட்டுவதை லூமியேர் சகோதரர்கள் படமாக எடுத்திருந்தார்கள். இரண்டே வருடத்தில் பள்ளித் தோழனின் வீட்டுச் சாப்பாடும் படமாகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் இந்தப் படம் முழுசாகப் புரியும்.

அப்புறம், அந்தக் கருவியையும் நினைக்க வேண்டும். கைப்பிடி வைத்த ஒரு மரப்பெட்டி. உள்ளே சுமார் 17 மீட்டர் பிலிம். விநாடிக்கு இரண்டு சுற்று வீதம் சுற்றினால் ஐம்பது விநாடியில் தீர்ந்துவிடும். அன்றைய பிலிமுக்கு நல்ல வெயில் வேண்டும். ஆழமான தாழ்வாரமும் காகிதக் கதவுகளும் கொண்ட ஜப்பானிய வீட்டின் உள்ளே அந்த வெளிச்சம் ஏது? அடுப்படியும் புகையும் வேலையாட்களின் உழைப்பும் கேமராவுக்கு எட்டவே இல்லை. வெளிச்சத்துக்கு வந்து உட்காரச் சம்மதித்த வாழ்க்கை மட்டும் பதிவானது. இதைக் காட்டி 'அன்றைய ஜப்பானியர் இப்படித்தான் வாழ்ந்தார்கள்' என்று எழுதுவது எப்படிச் சரியாகும்?

கலர் ஏற்றுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம். ஒரு சாயத் தொழிலதிபரின் வீட்டார் உடுத்திய துணிக்கு, எந்த ஆதாரமும் இல்லாமல் ஒரு மென்பொருள் நிறம் ஊகிக்கும். பார்ப்பவர்களும் அதுதான் உண்மையான நிறம் என்று நம்பிவிடுவார்கள். தயவுசெய்து கருப்பு வெள்ளையாகவே பகிருங்கள். மேலே ஒரு வரி போதும்: இனாபாதா குடும்பம், கியோட்டோ, 1897, படமெடுத்தவர் ஜிரேல்.