டீச்சருக்கு என்ன தெரியும் என்று கேட்டவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நம் மைதானத்தில் ஓட வருகிற பிள்ளைகளுக்குச் சீன மூலிகைக் கேப்சூல் விற்க நடந்த 'விழிப்புணர்வு முகாம்' பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். வீடியோவும் வேலூர் முழுக்கச் சுற்றிவிட்டது. அதில் நான் கேள்வி கேட்பது இருக்கிறது, மேடையில் கேப்சூலைப் பற்றிப் பேசியவர் சொன்ன பதில் இல்லை. யாரும் வெட்டி எடுக்கவில்லை. அவர் பதிலே சொல்லவில்லை. "நீங்கள் உட்காருங்கள் அம்மா, பிள்ளைகளுக்கு நேரமாகிறது" என்றார். மேடையில் இருந்த பெரியவர்களும் தலையாட்டினார்கள். மைக் கைமாறிவிட்டது. உட்கார்ந்துவிட்டேன்.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இந்தச் சீன மூலிகைக் கேப்சூல் சாப்பிட்டால் தம் கூடும், வேகம் கூடும் என்கிறீர்கள். கூடவில்லை என்றால் காசு தண்டம். உண்மையிலேயே கூடினால், உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று சொல்லுங்கள். இரண்டில் எது?

இதைக் கேட்டதற்கு எனக்குக் கிடைத்த பட்டங்கள்: பாரம்பரியத்தின் எதிரி, மருந்துக் கம்பெனியின் கைக்கூலி, பொழுதுபோகாத ரிட்டையர்டு டீச்சர். மூன்றாவதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பொழுது போகாமல்தான் தினமும் விடியற்காலையில் உங்கள் பிள்ளைகளுக்கு ஸ்டாப் வாட்ச் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அன்று அவர் 1993ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னபோது பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். சீன ஓட்டப் பயிற்சியாளர் மா ஜுன்ரென், அவரிடம் பயின்ற வீராங்கனை வாங் ஜுன்சியா, பெய்ஜிங்கில் 10,000 மீட்டர் 29 நிமிடம் 31.78 விநாடி. பழைய உலக சாதனையை ஒரே ஓட்டத்தில் 42 விநாடி குறைத்தார். என்ன ரகசியம் என்று கேட்டவர்களுக்கு மா சொன்னது, புழுப் பூஞ்சையும் ஆமை ரத்தமும். அதுவரை சரி. மிச்சக் கதையை யார் சொல்வது? 2000 சிட்னி ஒலிம்பிக்குக்குச் சற்று முன்பு ஊக்கமருந்து இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை நடந்தது. அதற்குப் பிறகு மாவின் ஓட்டக்காரர்கள் ஆறு பேர் சீன அணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 2016இல், வாங்கும் அவருடைய தோழிகளும் எழுதியதாக ஒரு பழைய கடிதம் சீன ஊடகங்களில் வெளிவந்தது. தங்களுக்கு ஊக்கமருந்து கட்டாயமாகக் கொடுக்கப்பட்டது என்பதுதான் அதில் இருந்தது. பாதிக் கதையைச் சொல்லிப் பாட்டிலை விற்பதற்கு எங்கள் ஊரில் வேறு பெயர் உண்டு.

அந்தப் புழுப் பூஞ்சைதான் கார்டிசெப்ஸ். திபெத் பீடபூமியிலும் இமயமலையிலும் மண்ணுக்குள் வாழும் ஒரு அந்துப்பூச்சியின் புழுவுக்குள் புகுந்து, அதைக் கொன்று, தலை வழியாகக் குச்சிபோல முளைக்கும். உத்தராகண்டின் பித்தோராகர் பக்கம் 'கீடா ஜடி' என்று மண்டியிட்டுத் தேடி எடுக்கிறார்கள். கிலோ பல லட்சம் ரூபாய். நீங்கள் 2,400 ரூபாய்க்கு 90 கேப்சூல் தருகிறீர்களே, அதில் எந்தப் புழு இருக்கிறது? தொழிற்சாலையிலோ தானியத்திலோ வளர்த்த பூஞ்சை என்றால் அப்படியே சொல்லலாம், குற்றமில்லை. அப்படி வளர்த்த ஒரு வகையைப் பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்கள் 22 பேரை வைத்துச் சோதித்து 2004இல் வெளியிட்டார்கள். ஐந்து வாரம் கொடுத்தும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அவர்கள் ஓட்டியது கூடவில்லை. வயதானவர்களிடம் நடந்த சிறிய ஆய்வில் லேசான பலன் தெரிந்ததும் உண்டு, மறைத்தேன் என்று ஆகக்கூடாது. பிள்ளைகளுக்கு அறுபது வயதாகட்டும், வாங்கிக் கொடுக்கலாம். ஜின்செங் என்கிற வேரும் இதே கதைதான். எத்தனையோ ஆண்டுகளாகச் சோதிக்கிறார்கள், ஓட்டத்தைக் கூட்டுகிறது என்று உறுதியாகச் சொல்ல இன்னும் முடியவில்லை.

அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பையன் அந்தப் பாட்டிலை எனக்குக் காட்டினான். தங்க நிறத்தில் டிராகன். சீன எழுத்துகளின் மேல் கோணலாக ஒட்டிய வெள்ளை ஸ்டிக்கரில் தமிழில் 'இயற்கை, பக்கவிளைவு அற்றது'. ஒரு மூலையை நகத்தால் உரித்துப் பார்த்தேன். 'மூலிகைக் கலவை' என்று மொத்தமாக ஒரு எடை, அதற்குக் கீழே பெயர்கள் மட்டும். எது எவ்வளவு என்று இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கைப்பேசி எண். அவன் அம்மா பீடி சுற்றுகிறவர். 2,400 ரூபாய்க்கு எத்தனை ஆயிரம் பீடி என்று முகாம் நடத்தியவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

"எனக்கு வேலை செய்தது டீச்சர்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். செய்திருக்கும் தம்பி. பாட்டில் வாங்கிய பிறகுதானே ஒழுங்காக மைதானத்துக்கு வந்தீர்கள்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. வேலை செய்யாத மூலிகையைவிட வேலை செய்கிற மூலிகைதான் எனக்குப் பயம். மா ஹுவாங் என்று சீன மருத்துவத்தில் ஒன்று உண்டு, எபெட்ரா செடி. இருமலுக்கும் இழுப்புக்கும் வைத்தியர்கள் அளந்து கொடுத்தது. அதில் எபெட்ரின் இருக்கிறது. இதயத் துடிப்பைக் கூட்டும், தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், உடம்புச் சூடு வெளியேறாது. அமெரிக்காவில் பால்டிமோர் ஓரியல்ஸ் அணியின் பேஸ்பால் வீரர் ஸ்டீவ் பெக்லர் 2003 பிப்ரவரியில் புளோரிடாவில் பயிற்சியின்போது சுருண்டு விழுந்தார். உடல் வெப்பம் 108 டிகிரி. மறுநாள் இறந்தார். வயது 23. எடை, ரத்த அழுத்தம் என்று வேறு காரணங்களும் இருந்தன. எபெட்ரா மாத்திரையும் ஒரு காரணம் என்றார் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர். 2004இல் எபெட்ரா சத்து மாத்திரைகளை அந்நாடு தடை செய்தது. அது பிப்ரவரி மாதம், புளோரிடா. இது வேலூர். கத்திரி வெயிலில் நம் மலைகளே கொதிக்கிற ஊர். காவலர் தேர்வுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்று ஓடுகிறவன் மூன்றாவது சுற்றில் எப்படி மூச்சு வாங்குகிறான் என்று மேடையில் இருந்த யாராவது பக்கத்தில் நின்று பார்த்ததுண்டா?

இன்னொன்று ஹிஜெனமைன், இதயத்தைத் தூண்டுகிற ஒரு பொருள். சீன மருத்துவத்தில் பயன்படும் ஒருவகை நாபிக் கிழங்கிலும் தாமரை விதைக்குள் இருக்கிற பச்சை முளையிலும் உள்ளது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2017 பட்டியலில் அதைப் பெயர் சொல்லியே சேர்த்துவிட்டது. போட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தடைதான். கேப்சூலில் இருந்தது எனக்குத் தெரியாது என்று சொன்னால் தண்டனை குறையலாம், குற்றம் போகாது. உடம்புக்குள் இருப்பதற்கு வீரரே பொறுப்பு. 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்டு கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் தூக்கிய சதீஷ் சிவலிங்கம் பிறந்த சத்துவாச்சாரி இங்கேதான் இருக்கிறது. அவரைப் பார்த்துப் பளு தூக்க வருகிற பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் பெயர் தெரியாத பாட்டிலைக் கொடுக்காதீர்கள் என்றால் நான் பாரம்பரியத்தின் எதிரியாம்.

எந்தப் பாரம்பரியம்? சீன விஞ்ஞானி தூ யூயூ 2015இல் நோபல் பரிசு வாங்கியது சீன மூலிகையால்தான். பழைய ஏட்டில் ஒரு குறிப்பைப் பிடித்தார், கொதிக்க வைத்தால் சத்து கெடுகிறது என்று கண்டு குறைந்த வெப்பத்தில் பிரித்தெடுத்தார், மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் கிடைத்தது. முதலில் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார். அந்த அம்மாவுக்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை என்பதே பெரிய விஷயம்.

சித்த மருத்துவத்தையும் இழுத்துவிட்டார்கள். நாடி பார்த்து, வயது பார்த்து, பத்தியம் சொல்லிக் கொடுக்கிற வைத்தியர் வேறு. ஒலிபெருக்கி வைத்து நூறு பிள்ளைகளுக்கும் ஒரே பாட்டிலை நீட்டுகிறவர் வேறு. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று ஆள் பார்த்துக் கொடுத்த ஊர் இது. புரோட்டீன் பவுடரை ஏன் கேட்கவில்லை என்கிறார்கள். அதையும் கேட்பேன், வரிசையில் நிற்கட்டும்.

உண்மையில் தம் கூட என்ன வேண்டும் என்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். காலையில் களி, கொஞ்சம் கடலை, ராத்திரி நேரத்தோடு தூக்கம், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. பெண் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்துப் பரிசோதனை. மைதானத்தில் கதவு சாத்துகிற ஒரு கழிப்பறை. இல்லாததால் விடியற்காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் ஓடுகிற பெண்களை எனக்குத் தெரியும். அதற்கு முகாம் நடத்த எந்தப் பெரியவரும் வரவில்லை. ஷூ இல்லாமல் ஓடுகிற பிள்ளைக்கு ஒரு ஜோடி வாங்கித் தாருங்கள் என்று நான் நடந்த வீடுகளில் சிலருடைய முகங்களை ஞாயிற்றுக்கிழமை மேடையில் பார்த்தேன். ஷூவுக்கு இல்லாத பணம் பந்தலுக்கு இருந்திருக்கிறது. பரவாயில்லை. பழகிவிட்டது என்று சொல்ல நினைக்கிறேன், பழகவில்லை.

முகாம் நடத்தியவர்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அந்தப் பையனின் பாட்டில் பாதிக்கு மேல் மீதி இருக்கிறது, என்னிடம்தான் இருக்கிறது. பணத்தை அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்து வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இருந்தால்தான் தருவோம் என்று சொல்லாதீர்கள். ரசீது கொடுக்காமல் விற்றது நீங்கள்.