பழைய பேப்பரை எடைக்குப் போடும் முன் கட்டங்களைப் பாருங்கள்

சென்ற மாதம் எங்கள் வளவு வீட்டின் (பங்காளிகளுக்குப் பொதுவான பூர்வீக வீடு) இரண்டாம் கட்டில், அதாவது உள்பகுதியில், பூட்டிக் கிடந்த அறையை ஒழித்தார்கள். நான் காரைக்குடி போய்ச் சேர்வதற்குள் பாதிப் பத்திரிகைக் கட்டுகள் எடைக்குப் போய்விட்டன. மிஞ்சியதில் ஒரு டிரங்குப் பெட்டியைத்தான் திறக்க நேரம் கிடைத்தது. அதில் 1950களின் வார இதழ்கள். குறுக்கெழுத்துப் பக்கம் ஒவ்வொன்றிலும் எங்கள் அய்யாவின் (அப்பாவின் அப்பா) பென்சில் எழுத்து. அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

"பர்மாவின் தலைநகர்." ரங்கூன். "மலாயாவின் தீவுத் துறைமுகம்." பினாங்கு. மற்ற ஊர்க்காரர்கள் இதைப் பூகோளப் பாடமாகப் படித்திருப்பார்கள். எங்கள் ஊருக்கு இவையெல்லாம் கடிதம் வருகிற முகவரிகள். அய்யா ரங்கூனில் பெட்டியடிப் பையனாக (கடையில் எடுபிடியாக) சேர்ந்து, 1942இல் குண்டுவீச்சுக்குப் பிறகு வெறுங்கையோடு திரும்பியவர். அந்த நாலு கட்டத்தில் மட்டும் பென்சிலை அழுத்தியிருக்கிறார்.

அவர் விடை தெரியாமல் விட்ட கட்டங்கள்தான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டன. "தசரதனின் மூத்த மனைவி" என்பதற்கு அப்பத்தாவின் கோணல் எழுத்தில் கோசலை. "1930இல் கண்டுபிடித்த கிரகம்" என்பதற்கு, அன்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அப்பச்சியின் (என் அப்பாவின்) மைப்பேனாவில் புளூட்டோ. ஒரு வீட்டில் யாருக்கு என்ன தெரியும் என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் ஆவணத்தை நான் பார்த்ததில்லை.

1913 டிசம்பரில் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் ஆர்தர் வின் ஆரம்பித்துவைத்த விளையாட்டு இது. ஆனால் தமிழுக்கு வந்தபோது வேறு உருவம் எடுத்தது. ரங்கூன் என்று குறுக்கே எழுதினால் கடைசிக் கட்டம் ன். தமிழில் மெய்யெழுத்தில் சொல் தொடங்காது. அப்படியானால் அதற்குக் கீழே என்ன செய்வது? கீழிருந்து மேலாகக் கம்பன் என்று ஏற்றினால் அதே ன்னில் வந்து முடியும். நம் குறுக்கெழுத்துகளில் வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்ற குறிப்புகளும் இருப்பதற்கு இந்த இலக்கணம் ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். 1939இலேயே கம்பன் கழகம் கண்ட ஊரில் அந்த விடைக்கு யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

"இது சூதாட்டம்தானே" என்றார் ஒரு பங்காளி. அவர் சொன்னது பரிசுப் போட்டிகளை. கட்டணம் கட்டி அனுப்ப வேண்டும். ஒரே குறிப்புக்குப் பணம், குணம் இரண்டும் பொருந்தும். அதில் ஆசிரியர் முன்கூட்டியே உறையில் போட்டு ஒட்டி வைத்ததுதான் சரியான விடை. அதை அடக்கத்தான் 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டம் வந்தது. மாதப் பரிசு 1,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, ஒரு போட்டிக்கு 2,000 விடைத்தாள்களுக்கு மேல் வாங்கக் கூடாது என்றார்கள். 1957இல் உச்ச நீதிமன்றமும், அதிர்ஷ்டத்தை நம்பி நடக்கும் போட்டிகளுக்கு அது செல்லும் என்றது. சரி, அந்தக் கோபம் நியாயம். ஆனால் பொது அறிவுக் குறுக்கெழுத்தை அதோடு சேர்க்காதீர்கள். கோசலைக்கு இரண்டு விடை கிடையாது.

கூகுளில் தட்டினால் எல்லாம் வரும் என்கிறார்கள். வரும். அப்பத்தாவைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டிய தேவைதான் இருக்காது.

பக்கத்துக் கோட்டையூரில் இருந்து ரோஜா முத்தையா ஒற்றை மனிதராகப் பழைய புத்தகங்களையும் இதழ்களையும் சேர்த்தார். அதனால்தான் இன்று சென்னையில் அவர் பெயரில் ஓர் ஆய்வு நூலகம் இருக்கிறது. நம் வீடுகளில் தூணுக்கும் கதவுக்கும் விலை பேசத் தெரிந்த நாம் பேப்பரை மட்டும் கிலோவில் பேசுகிறோம். எடைக்குப் போடும் முன் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். எழுத்து இருந்தால் ஒரு போட்டோவாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வளவில் இன்னும் இரண்டு பெட்டி பாக்கி. சித்திரையில் எல்லோரும் கூடும்போதுதான் திறப்பது என்று சொல்லி, சாவியை என்னிடம் வைத்திருக்கிறேன்.