வெல்க்ரோ நாசாவின் கண்டுபிடிப்பு அல்ல

வெல்க்ரோ என்பது பைகளிலும் செருப்புகளிலும் இருக்கும், ஒரு பக்கக் கொக்கிகள் மறுபக்க வளையங்களில் மாட்டி ஒட்டும் பட்டை. விண்வெளி வீரர்களுக்காக நாசா அதை உருவாக்கியது என்று ஒரு பதிவு சொல்கிறது. அப்பல்லோ பயணங்களில் நாசா அதை நிறையப் பயன்படுத்தியது, குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். கண்டுபிடித்தவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் த மெஸ்திரால். நம்மூர் நாயுருவி வேட்டியில் ஒட்டுவதுபோல, பர்டாக் என்ற செடியின் கொக்கிமுள் காய்கள் துணியில் ஒட்டுவதைக் கவனித்ததில் பிறந்த யோசனை.

யோசனை எளிது, செய்வதுதான் பாடு. பருத்தியில் செய்த கொக்கிகள் சீக்கிரம் தேய்ந்தன. நைலான் இழையை வளையங்களாக நெய்து, சூடாக்கி வடிவத்தை நிலைப்படுத்தி, பிறகு ஒவ்வொரு வளையத்தையும் உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு பக்கம் வெட்ட வேண்டும். உச்சியிலேயே வெட்டினால் வளைவு போய்விடும், பிடிக்காது. நெய்த வகை வெல்க்ரோவின் சொரசொரப்பான பக்கத்தை லென்ஸில் பாருங்கள்: கொக்கிக்குப் பக்கத்தில் வெட்டுப்பட்ட குட்டைக்கால் தெரியும்.

சரிபார்க்க, கூகுள் பேட்டன்ட்ஸில் 2717437 என்ற அமெரிக்கக் காப்புரிமை எண்ணைத் தேடுங்கள். அவர் பெயரும் 1955 செப்டம்பர் 13 என்ற தேதியும் இருக்கும். நாசா தொடங்கியதோ 1958இல்.