சார்ஸுக்கு நம் வரியில் கமிஷனா?

"வசூலிக்கும் வரியில் சார்ஸ் (தென்னாப்பிரிக்க வருவாய்ச் சேவை) கமிஷன் எடுக்கிறது, அதற்காகவே ரீஃபண்டை நிறுத்துகிறது, 2025-இல் கிடைத்த 750 கோடி ராண்ட் அந்தக் கமிஷன்தான், கேட்பாரில்லை" என்று ஒரு குரல்பதிவு டர்பனின் சாட்ஸ்வொர்த் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தவறு.

வரிப்பணம் தேசிய வருவாய் நிதியத்துக்குப் போகிறது. சார்ஸின் செலவுக்கு நாடாளுமன்றம் தனியே ஒதுக்குகிறது. அந்த 750 கோடியும் மூன்றாண்டுகளுக்கான அத்தகைய ஒதுக்கீடுதான். கணக்கைத் தலைமைத் தணிக்கையாளர் பார்க்கிறார், நாடாளுமன்ற நிதிக்குழு கேள்வி கேட்கிறது. கண்காணிப்பு எப்போதும் விழித்திருந்தது என்று நான் சொல்லமாட்டேன்: சார்ஸ் சீர்குலைந்த கதையை 2018-இல் நீதிபதி நியூஜென்ட் தலைமையிலான ஆணையம் விசாரித்தது.

ரீஃபண்ட் தாமதம் மட்டும் பொய்யல்ல. மருத்துவச் செலவைக் காட்டிய கணக்கைச் சார்ஸ் சரிபார்க்க எடுத்தால், ஐஸ்கிரீம் டப்பாவில் சேர்த்துவைத்த மருந்துக்கடை ரசீதுகளை, மை மங்கியவை உட்பட, நம் வீட்டுப் பாட்டி ஒவ்வொன்றாகத் தேடியெடுக்க வேண்டும். சார்ஸ் மீதான குறைகளை விசாரிக்கும் வரி ஆம்புட்ஸ்மனுக்கு வரும் புகார்களிலும் இந்தத் தாமதம் பழைய முகம். 2013-இல் தொடங்கிய அந்த அலுவலகம் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் முதலில் சார்ஸிடமே புகார் பதிந்து, அந்தப் புகார் எண்ணை வைத்திருக்க வேண்டும். குரல்பதிவு இதைச் சொல்லவேயில்லை.