பள்ளியிலிருந்து வரும் செய்தி யார் கையில் போய்ச் சேருகிறது?

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளியில் பிள்ளை படிக்கும் எந்தப் பெற்றோரையும் கேட்டுப் பாருங்கள். பள்ளியிலிருந்து தகவலே வருவதில்லை என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். வந்துகொண்டேதான் இருக்கிறது. 2019ல், பள்ளி பெற்றோருக்குச் செய்தி அனுப்பும் பேரன்ட்ஸ் கேட்வே செயலி வந்த பிறகு, கையெழுத்துப் போட வேண்டிய தாள் பைக்கு அடியில் கசங்கிக் கிடக்கும் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது. சுற்றுலாவுக்கு ஒப்புதல், பெற்றோர் சந்திப்புக்கு நேரம், விடுமுறையில் வெளிநாடு போகும் விவரம் எல்லாம் ஒரே இடத்தில். அதை நான் குறை சொல்லவில்லை. ஆசிரியர்களுக்கும் வேலை மிச்சம், நமக்கும் மிச்சம்.

என் கவலை மூன்று விஷயங்களைப் பற்றியது. பிள்ளையின் உடல்நலம், பாதுகாப்பு, மனம் சோர்ந்துபோனால் கிடைக்கும் ஆதரவு. இந்த மூன்றைப் பற்றியும் வரும் செய்தி, வீட்டில் பிள்ளையோடு இருப்பவர் காதுக்குப் போக வேண்டும். அந்தச் செய்தியைப் படித்து முடித்ததும் அடுத்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரிய வேண்டும். பெற்றோர் ஆதரவுக் குழுவில் இருப்பதால் பல குடும்பங்களோடு பேசுகிறேன். நான் பார்த்தவரை இரண்டுமே அரைகுறையாகத்தான் நடக்கிறது.

முதலில், செய்தி யாருக்குப் போகிறது என்று பார்ப்போம். செயலிக்குள் நுழைய சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளக் கணக்கு வேண்டும். அதாவது அப்பா அல்லது அம்மா. நம் தமிழ்க் குடும்பங்களில் மாலை மூன்று மணிக்குப் பிள்ளை வீட்டுக்கு வரும்போது கதவைத் திறப்பது யார்? பல வீடுகளில் பாட்டி. சில வீடுகளில் பணிப்பெண். சில வீடுகளில் யாருமே இல்லை, பிள்ளையே சாவி போட்டுத் திறந்துகொள்கிறது.

எங்கள் புளோக்கில் ஒரு குடும்பம். அப்பாவுக்கு ஜூரோங் தீவில் வேலை. ஆலைக்குள் கைப்பேசியைக் கொண்டுபோக முடியாது. அம்மா மருத்துவமனையில் ஷிஃப்ட். வகுப்பில் ஃப்ளூ பரவுகிறது, காய்ச்சல் இருந்தால் பிள்ளையை அனுப்ப வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள் என்று முந்தின நாள் மாலையே பள்ளி செய்தி அனுப்பிவிட்டது. நல்ல செய்தி, சரியான நேரத்தில் வந்த செய்தி. அது அப்பாவின் லாக்கருக்குள் இருந்தது. அவர் இரவு வீட்டுக்கு வந்து களைப்பில் தூங்கிவிட்டார். காலையில் பேரன் உடம்பு சுடுகிறது என்றதும் பாட்டி தொட்டுப் பார்த்தார், சுக்குக் கஷாயம் கொடுத்தார், "பரீட்சை நேரம், போயிட்டு வந்துடு" என்று அனுப்பிவைத்தார். பத்து மணிக்குப் பள்ளியிலிருந்து வீட்டுக்கு அழைப்பு. முட்டிவலியோடு பஸ் ஏறிப் போய்ப் பையனைக் கூட்டி வந்தவரும் அந்தப் பாட்டிதான். லிஃப்ட் பக்கத்தில் என்னைப் பார்த்ததும் சொன்னார்: "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏம்மா அனுப்பப் போறேன்?"

யார்மேல் தப்பு சொல்வது? பள்ளி சொன்னது. அப்பா உழைக்கப் போனார். பாட்டி தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் மூன்றாவது ஆளை இந்த ஏற்பாட்டில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். உடல்நலமும் பாதுகாப்பும் சம்பந்தப்பட்ட செய்திகளை மட்டுமாவது, பெற்றோர் பெயர் கொடுக்கும் இன்னொருவருக்குச் சாதாரண எஸ்எம்எஸ்ஸாக அனுப்பினால் என்ன? மதிப்பெண் விவரம் வேண்டாம், ஒப்புதல் பொத்தான் வேண்டாம். "காய்ச்சல் என்றால் அனுப்பாதீர்கள்" என்ற ஒரு வரி போதும்.

இந்த ஆண்டு, 2026 ஜனவரியிலிருந்து இது இன்னும் அவசரமாகிவிட்டது. உயர்நிலை மாணவர்கள் பள்ளி நேரம் முழுவதும் கைப்பேசியையும் ஸ்மார்ட் கடிகாரத்தையும் பயன்படுத்தக் கூடாது. இடைவேளையிலும் கூடாது, சிசிஏ எனும் இணைப்பாட நடவடிக்கை நேரத்திலும் கூடாது. நான் இந்த விதியை முழு மனதோடு ஆதரிக்கிறேன். பிள்ளைகள் கேண்டீனில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசட்டும். பள்ளி கொடுக்கும் கற்றல் சாதனமும் இரவு 10.30க்குத் தானாக உறங்கப் போகிறது, அதுவும் நல்லதுதான். ஆனால் இதுவரை வயிறு வலித்தாலும், யாராவது தள்ளிவிட்டாலும், பிள்ளை கழிப்பறையிலிருந்து "அம்மா" என்று ஒரு மெசேஜ் போட்டுவிடும். முறையான வழி இல்லைதான், இருந்தாலும் பல அம்மாக்களுக்கு விஷயம் தெரியவந்த வழி அதுதான். அந்த வழி மூடிவிட்டது. இனி பள்ளி சொன்னால்தான் நமக்குத் தெரியும். அப்படியானால் பள்ளியின் பொறுப்பு கூடுகிறது. பிள்ளை உடம்பு சரியில்லை என்று சொன்னால் யார் அழைப்பார்கள், எவ்வளவு நேரத்துக்குள், அம்மா எடுக்கவில்லை என்றால் அடுத்து யாருக்கு? ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு பத்தியில் எழுதி அனுப்பிவிடலாம்.

இனி செய்தியின் உள்ளடக்கத்துக்கு வருகிறேன். எச்பிவி என்ற கிருமிக்கு எதிரான தடுப்பூசிக்கு ஒப்புதல் கேட்கும் விவகாரத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

2019 ஏப்ரலிலிருந்து உயர்நிலை ஒன்று மாணவிகளுக்கு இந்தத் தடுப்பூசியைப் பள்ளியிலேயே இலவசமாகப் போடுகிறார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோயிலிருந்து காப்பதற்கு. கட்டாயம் கிடையாது, பெற்றோர் சம்மதம் வேண்டும். எங்கள் குழுவில் ஒரு தாய், ஊரிலிருந்து வந்து சில வருடங்கள்தான் ஆகின்றன, ஒப்புதல் விவரத்தை என்னிடம் காட்டினார். அவர் கண்ணில் பட்டது ஒரே ஒரு வரி. இந்தக் கிருமி பாலுறவு மூலம் பரவும் என்ற வரி. "அக்கா, பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு இதை எதுக்குப் போடணும்? இது என்ன அர்த்தம்?" என்று கேட்கும்போது அவர் குரல் நடுங்கியது. அவமானப்படுத்திவிட்டதாகவே நினைத்துக்கொண்டார். வீட்டுக்காரரிடம் காட்டக்கூட இல்லை. வேண்டாம் என்று அழுத்தப் போனவர், ஏதோ தயக்கத்தில் என்னிடம் வந்தார்.

பக்கத்தில் உட்கார்ந்து பேசினோம். கிருமி உடம்புக்குள் வருவதற்கு முன்பே போட்டால்தான் ஊசிக்கு முழுப் பலன், அதனால்தான் சின்ன வயதிலேயே போடுகிறார்கள் என்றேன். இந்த வயதில் தொடங்கினால் இரண்டு ஊசி போதும், 15 வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கினால் மூன்று தேவைப்படும் என்றேன். பிள்ளையின் நடத்தைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, நாளை கல்யாணமாகி ஐம்பது வயதில் வரக்கூடிய நோய்க்கு இன்றைக்கே போடும் வேலி என்றேன். அவர் மாமியார் குடும்பத்தில் ஒருவர் அந்த நோயால்தான் போனார் என்பது அப்போதுதான் பேச்சில் வந்தது. அவரே யோசித்து, கணவரிடமும் பேசி, ஒப்புதல் கொடுத்தார்.

நான் சொன்ன எதுவும் ரகசியம் கிடையாது. எல்லாமே சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் தகவல்களில் இருக்கிறது. ஆனால் ஒரு தாய் முதலில் கேட்கும் கேள்வி "என் பிள்ளைக்கு ஏன், இப்போது ஏன்?" என்பதுதான். அதற்கான பதில் முதல் வரியில் இருக்க வேண்டும். கிருமியின் பெயரும் அது பரவும் விதமும் கீழே வரட்டும். முடிவு பெற்றோருடையது. அந்த முடிவைப் பயத்தில் எடுக்க விடக் கூடாது என்பதுதான் என் வாதம்.

பாதுகாப்புச் செய்திகளில் வேறு ஒரு சிக்கல். சென்ற ஆண்டு ஒரு பள்ளியிலிருந்து பெற்றோருக்கு வந்த செய்தியைப் பார்த்தேன். மாணவர்கள் சம்பந்தப்பட்ட ஒரு சம்பவம் நடந்தது, உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது, பெற்றோர் வதந்திகளைப் பரப்ப வேண்டாம். இவ்வளவுதான். என்ன சம்பவம் என்று ஒரு சொல்கூட இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் மூன்று கதைகள். கத்தி என்றார் ஒருவர். போலீஸ் வந்தது என்றார் இன்னொருவர். ஒரு பையனின் பெயரைக்கூடப் போட்டுவிட்டார்கள். அவன் அன்று பள்ளிக்கே வரவில்லை, வீட்டில் படுத்திருந்தான் என்று பிறகு தெரிந்தது. விஷயம் மின்சிகரெட். கழிப்பறையில் பிடிபட்டிருக்கிறார்கள்.

பிள்ளைகளின் பெயரையோ வகுப்பையோ பள்ளி வெளியிடக் கூடாது. அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. தப்பு செய்த பிள்ளையும் நம் பிள்ளைதான், பதின்மூன்று வயதில் ஒட்டிய பெயர் லேசில் போகாது. ஆனால் "மின்சிகரெட் சம்பந்தமானது, யாருக்கும் காயமில்லை" என்று மட்டும் சொல்லியிருந்தால் எந்தப் பிள்ளையின் மானமும் போயிருக்காது, கத்திக் கதையும் பிறந்திருக்காது.

அதோடு, அந்தச் செய்தியில் சொல்லியிருக்க வேண்டிய வேறு ஒன்று விட்டுப்போனது. மின்சிகரெட்டை வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் வாங்குவதும் 2018லிருந்தே இங்கே குற்றம். அது எல்லாருக்கும் தெரியும். எட்டோமிடேட் கலந்த கேபோட் எனும் மின்சிகரெட் குப்பி வந்த பிறகு நிலைமை வேறு. மருத்துவமனையில் நோயாளியை மயக்கமாக்கக் கொடுக்கும் மருந்துதான் எட்டோமிடேட். 2025 செப்டம்பர் 1 முதல் அதைப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் சி பிரிவில் சேர்த்துவிட்டார்கள். இதுவும் பலருக்குத் தெரியும், ஒலி 96.8 வானொலியில் கேட்டிருப்பார்கள், தமிழ் முரசு நாளிதழில் படித்திருப்பார்கள். தானாக முன்வந்து உதவி கேட்பவர்களுக்குத் தண்டனை இல்லை என்று அரசாங்கம் வெளிப்படையாகச் சொல்லியிருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? புகைக்கும் பழக்கத்தை விட உதவும் குவிட்லைன் எண்ணான 1800 438 2000க்கு அழைக்கலாம். நான் பேசிய பெற்றோரில் பெரும்பாலானவர்களுக்கு இது தெரியவில்லை. பிள்ளையின் பையில் அந்தப் பொருளைக் கண்டால் அப்பா அதைக் குப்பையில் போட்டுவிட்டு, இரண்டு அறை விட்டு, வெளியே மூச்சுவிடாமல் இருந்துவிடுகிறார். வெளியில் தெரிந்தால் பிள்ளையின் எதிர்காலம் போய்விடும் என்ற பயம். உள்ளே பிள்ளை விட முடியாமல் தவித்துக்கொண்டே இருக்கிறது. அந்தப் பயத்தைப் போக்கும் வரியைத்தான் பள்ளி முதலில் எழுத வேண்டும்.

இதே பயம் பள்ளி ஆலோசகர் விஷயத்திலும் உண்டு. நம் ஆட்களிடம் "கவுன்சிலரைப் பார்க்கச் சொல்லுங்கள்" என்று சொன்னால் முகம் மாறிவிடுகிறது. "என் பிள்ளைக்கு என்ன பைத்தியமா?" என்ற கேள்வி உதட்டு வரை வந்துவிடுகிறது. ரெக்கார்டில் ஏறும், பின்னால் வேலை கிடைக்காது என்று யாரோ சொன்னதைத் திருப்பிச் சொல்கிறார்கள். உயர்நிலைப் பள்ளி ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு ஆலோசகர் இருக்கிறார். நண்பர்களோடு சண்டை, தூக்கமின்மை, வீட்டில் பிரச்சினை, புதிய பள்ளி பிடிக்கவில்லை, எதற்கும் போகலாம். அவரால் முடியாததற்கு, 2007ல் தொடங்கிய ரீச் என்ற மனநலக் குழுவின் உதவியைப் பள்ளி கேட்கலாம். இந்தச் சங்கிலியைப் பெற்றோருக்கு யாராவது படிப்படியாக விளக்கியிருக்கிறார்களா? ஆலோசகரின் பெயரும் மின்னஞ்சலும் பள்ளி இணையத்தளத்தில் எங்கோ இருக்கும். அந்த அறைக்குள் போனால் என்ன நடக்கும் என்பதுதான் நமக்குத் தெரிவதில்லை.

இங்கே பெற்றோரும் ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும். பிள்ளை ஆலோசகரிடம் சொன்னதெல்லாம் நமக்கு வந்து சேராது, வரவும் கூடாது. உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் நிச்சயம் சொல்வார்கள். மற்றபடி, அம்மாவிடம் சொல்லாத ஒன்றைச் சொல்ல பதின்மூன்று வயதுக்கு ஒரு பெரியவர் கிடைப்பது வரம். எது நமக்குத் தெரிவிக்கப்படும், எது தெரிவிக்கப்படாது என்று பள்ளி முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெற்றோரின் கோபம் பாதி தணிந்துவிடும். பள்ளி மூடியிருக்கும் இரவு நேரத்துக்கும் இரண்டு எண்களைச் சேர்த்துச் சொல்லலாம். 1771 மனநல உதவி எண், 1767 எஸ்ஓஎஸ் அமைப்பின் தற்கொலைத் தடுப்பு உதவி எண். இரண்டும் 24 மணி நேரமும் உண்டு. எங்கள் வீட்டில் ஃபிரிஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். என் மகள் எதற்கு என்று கேட்டாள். "உன் ஃபிரெண்டுக்குத் தேவைப்பட்டாலும் தேவைப்படும்" என்றேன். அவள் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஆசிரியர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2024ல் கல்வி அமைச்சு ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. ஆசிரியர்கள் சொந்த எண்ணைப் பெற்றோருக்குத் தர வேண்டியதில்லை, பள்ளி நேரத்துக்கு வெளியே வரும் செய்திக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. மிகச் சரி. அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் தமிழ்ப் பெற்றோருக்கு நடைமுறையில் ஒன்று நடக்கிறது. ஆங்கிலம் தடுமாறும் அம்மா, எந்தப் பிரச்சினைக்கும் தமிழாசிரியரைத்தான் தேடுகிறார். தடுப்பூசி, சண்டை, மனச்சோர்வு எல்லாவற்றுக்கும். அந்த ஆசிரியரும் முகம் கோணாமல் கேட்டுக்கொள்கிறார், மொழிபெயர்த்தும் சொல்கிறார். இது அவருடைய வேலைப் பட்டியலில் இல்லாத வேலை. பள்ளியில் தமிழ் இல்லாமல் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் போய்ப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு அந்த ஒரு ஆளும் பக்கத்தில் இல்லை. பள்ளிக்குள் தமிழ் பேசும் ஆள் இல்லாவிட்டால், பெற்றோர் ஆதரவுக் குழுவிலிருந்து ஒருவரையோ சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் உதவியையோ முறைப்படி ஏற்பாடு செய்யலாம். நான் அந்த வேலைக்குத் தயார் என்று எங்கள் பள்ளியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அந்தக் கடிதத்தில் வேறு சிலவற்றையும் கேட்டிருக்கிறேன். உடல்நலம், பாதுகாப்பு பற்றிய செய்திகளுக்குத் தலைப்பிலேயே தனி அடையாளம் வேண்டும், டி-ஷர்ட் ஆர்டர் செய்தியோடு அது கலந்துபோகக் கூடாது. என்ன நடந்தது, பள்ளி என்ன செய்தது, வீட்டில் எதைக் கவனிப்பது, யாரை அழைப்பது என்பது முதல் நான்கு வரியில் வர வேண்டும். பாட்டி, தாத்தா எண்ணையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆலோசகர் ஆண்டுத் தொடக்கத்திலேயே பெற்றோர் முன் வந்து அரை மணி நேரம் பேச வேண்டும், பிரச்சினை வந்த பிறகு அறிமுகமாகக் கூடாது. அடுத்த தவணைக் கூட்டத்தில் இதைப் பேசுவதாகப் பள்ளி சொல்லியிருக்கிறது.

உங்கள் பிள்ளையின் பள்ளியில் நன்றாக எழுதப்பட்ட செய்தி ஏதாவது வந்திருந்தால், பள்ளிப் பெயரையும் பிள்ளைகளின் விவரத்தையும் எடுத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். கூட்டத்துக்கு வெறுங்கையோடு போகாமல் அவற்றை அச்செடுத்துக் கொண்டுபோகிறேன்.